வெக்கை வந்த வழி

தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு 'வெக்கை' என்றவுடன் பூமணியின் நாவலே நினைவுக்கு வரும். 1982இல் வெளிவந்த அந்நாவலின் தலைப்பு, கரிசல் நிலத்தின் வெம்மையையும் மனிதருள் கனலும் பகையையும் ஒருசேரச் சுட்டுவது. ஆனால் அதே சொல்லுக்கு மாடு வளர்த்தோர் நாவில் இன்னொரு பொருளும் இருந்தது. மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்து, வாயெல்லாம் புண்ணாகி, ஓயாத கழிச்சலில் உடல் வற்றி, ஒரு வாரம் பத்து நாளில் தொழுவமே வெறுமையாகிப் போகும் கொடுநோய் ஒன்றுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. அரசின் கால்நடைத் துறையும் அப்பெயரையே ஏற்றுக்கொண்டு 'வெக்கை நோய்' என்று எழுதிற்று.

இன்று அந்நோய் உலகில் எங்கும் இல்லை. மனிதன் இப்புவியிலிருந்து முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று வெக்கை. பெரியம்மையின் கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். வெக்கையின் கதையோ மாட்டுக்காரர்களோடும் கால்நடை மருத்துவர்களோடும் நின்றுவிட்டது. அக்கதையின் கடைசிப் பக்கங்கள் சில தமிழ் மண்ணிலேயே எழுதப்பட்டவை என்பதால், அதனைச் சற்று விரிவாகவே காண்போம்.

ஊரும் மலையும்

நோயின் வரலாற்றைச் சொல்லும் முன் ஒரு நிலக்காட்சியை மனத்தில் நிறுத்திக்கொள்வது நலம். தென்காசிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அச்சன்புதூரை எடுத்துக்கொள்வோம். அருகே பண்பொழித் திருமலை, மலையடியில் மேக்கரை, அங்கே அடவிநயினார் அணை, அதற்கப்பால் காடு. ஊரைச் சூழக் குளங்களும் வயல்களும் தோப்புகளும். தெற்கே செங்கோட்டை, புளியரை. அங்கிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலையாள நாடு. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் இப்பகுதி முழுவதும் பசுமை பூண்டு நிற்கும்.

கால்நடையின் கண்கொண்டு நோக்கினால் இவ்வூர் போன்றதோர் அடிவார ஊர், மூன்று வழிகள் கூடுமிடம். முதலாவது, மேய்ச்சல் வழி: ஊர் மாடு மலையடிவாரத்துக்குச் சென்று திரும்பும் தடம். இரண்டாவது, காட்டு வழி: மிளாவும் காட்டெருதும் காட்டுப்பன்றியும் நீர் தேடி இறங்கும் தடம். மூன்றாவது, சந்தை வழி: கீழ்த்திசைச் சீமையின் சந்தைகளிலிருந்து கணவாய் கடந்து மேற்கே மாடுகள் நடத்திச் செல்லப்பட்ட தடம். செங்கோட்டை வட்டம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் இணைந்திருந்தது. 1904இல் கொல்லம்–செங்கோட்டை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எல்லைகள் மாறின, ஊர்திகள் மாறின, கணவாய் மாறவில்லை.

இம்மூன்று வழிகளுள் நோய் எவ்வழி வந்தது? இக்கேள்விக்கு விடை காண உலகுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. அவ்விடையே இக்கட்டுரையின் உட்பொருள்.

அரசுகளை உலுக்கிய நோய்

வெக்கையை உண்டாக்கியது ஒரு நச்சுயிரி. குழந்தைகளுக்கு வரும் தட்டம்மைக்குக் காரணமான நச்சுயிரிக்கு அது மிக நெருங்கிய உறவு. மாட்டு வெக்கையின் முன்னோரிடமிருந்தே தட்டம்மை மனிதரிடம் தாவியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிபு. மனிதன் மாட்டைத் தொழுவத்தில் கட்டியபோது, அதன் பாலையும் உழைப்பையும் மட்டுமன்றி அதன் நோயையும் சேர்த்தே வீட்டுக்குள் அழைத்துக்கொண்டான்.

ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்நோய் அலையலையாக வந்தது. 1762இல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி திறக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணங்களுள் ஒன்று இந்த அச்சமே. கால்நடை மருத்துவம் என்னும் துறையின் பிறப்பிலேயே வெக்கைக்குப் பங்குண்டு என்பது மிகைக்கூற்றன்று.

ஆப்பிரிக்காவின் கதை இன்னும் கொடியது. 1887 அளவில் செங்கடற்கரையின் மசாவா துறைமுகம் வழியாக நோய் அக்கண்டத்தில் நுழைந்தது. இத்தாலியப் படையின் தேவைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட மாடுகளே காரணம் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கருத்து. பத்தே ஆண்டுகளில் கண்டத்தின் தென்கோடி வரை அது பரவிற்று. பல பகுதிகளில் பத்துக்கு எட்டு, ஒன்பது மாடுகள் மடிந்தன. எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நிலவிய பெரும்பஞ்சத்துக்கு, உழவு மாடுகளின் இழப்பு தலையாய காரணமாயிற்று. ஏர் பூட்ட மாடில்லாத நிலத்தில் விதையிருந்தும் என்ன பயன்?

இந்தியாவில் இந்நோய் புதிதாக வந்த விருந்தாளியன்று, நெடுநாள் குடியிருந்தது. சென்னை மாகாணம் 1866இலேயே கால்நடை நோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. ஹாலன் தலைமையில் அமைந்த இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய் ஆணையம் 1871இல் விரிவான அறிக்கை அளித்தது. 1889இல் புனேயில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. நோய்க் கிருமியோடு புழங்கும் ஆய்வுக்கு ஊர் நடுவே இருப்பது தகாது என்று 1893இல் அது இமயமலைச் சாரலின் முக்தேசுவரத்துக்குப் பெயர்ந்தது. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தோற்றுவாய் அதுவே. சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தொடங்கிற்று. இராணிப்பேட்டையில் ஊநீர் தயாரிக்கும் நிலையம் 1932இல் உருவாயிற்று. 1940இல் வெக்கைக்கென்றே தனியாக ஒரு சட்டம் சென்னை மாகாணத்தில் பிறந்தது.

இத்தனை நிறுவனங்களும் சட்டங்களும் தோன்றிய காலத்தில் சிற்றூர் மாட்டுக்காரன் என்ன செய்தான்? வாகடம் அறிந்தோரை நாடினான். எல்லையம்மனுக்கும் மாரியம்மனுக்கும் நேர்ந்துகொண்டான். வெளியூர் மாட்டை ஊருக்குள் விடாமல் எல்லையில் நிறுத்தினான். இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னது, பின்னாளில் அறிவியல் கண்ட முடிவுக்கு மிக அண்மையானது. எல்லை கட்டுதல் என்னும் சடங்கினுள், நோய் நடந்து வருகிறது என்னும் பட்டறிவு ஒளிந்திருந்தது.

ஊசியின் கதை

தொடக்கத்தில், நோயிலிருந்து பிழைத்த மாட்டின் ஊநீரையும் நோயுற்ற மாட்டின் குருதியையும் ஒரே நேரத்தில் செலுத்தினர். பயன் தந்த முறைதான். ஆனால் தடுக்க வந்த நோயையே சில வேளை பரப்பியும் விட்டது. 1920களில் முக்தேசுவரத்தில் ஜே. டி. எட்வர்ட்ஸ், நச்சுயிரியை ஆடுகளின் உடலில் பலமுறை வளர்த்து அதன் கொடுமையைத் தணித்து ஒரு தடுப்பு மருந்தை உருவாக்கினார். இந்திய மாடுகள் அதனைத் தாங்கின. அதனை நம்பியே 1954இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

1960 அளவில் கென்யாவின் முகூகா ஆய்வகத்தில் வால்டர் பிளௌரைட்டும் அவருடைய துணைவர்களும் திசு வளர்ப்பு முறையில் உருவாக்கிய தடுப்பூசி மேலும் பாதுகாப்பானது. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுதும் காக்க வல்லது. குளிர்பெட்டி இல்லாமல் பல நாள் தாங்கும் வகையும் பின்னர் வந்து, சாலையில்லா ஊர்களுக்கும் ஊசி சென்று சேர வழி பிறந்தது.

இந்நச்சுயிரிக்கே உரிய சில பலவீனங்களும் நமக்குத் துணை நின்றன. அதற்கு ஒரே வகைதான் உண்டு. ஆகவே ஒரே ஊசி போதும். பிழைத்த விலங்கு அதனை உடலில் சுமந்து திரிவதில்லை. வெயிலிலும் காற்றிலும் அது நெடுநேரம் பிழைத்திராது. ஒரு விலங்கின் மூச்சும் சளியும் சாணமும் இன்னொரு விலங்கை நெருக்கத்தில் அடைந்தால்தான் அதற்கு வாழ்வு. சுருங்கச் சொன்னால், புதிய புதிய மாடுகள் ஓயாமல் கூடும் இடம் இல்லையேல் வெக்கை இல்லை.

காடு குற்றவாளியா?

இங்கேதான் காட்டின் கதை குறுக்கிடுகிறது. வெக்கை வளர்ப்பு மாட்டோடு நிற்கவில்லை. சங்க இலக்கியம் 'ஆமா' என்று பெயர் சொல்லும் காட்டெருது அதற்கு மிக எளிதில் இரையாயிற்று. 1968இல் முதுமலை–பந்திப்பூர்க் காடுகளில் நோய் புகுந்தபோது காட்டெருதுகள் பெருமளவில் மடிந்தன. 1970களின் இடைப்பகுதியில் பெரியாற்றுக் காடுகளிலும் அதே நிலை. பெரியாற்றுக் காடுகள் தெற்கு நோக்கி நீளும் மலைத்தொடரின் அடியில்தான் நாம் முன்னர் கண்ட தென்காசிச் சீமை கிடக்கிறது.

காட்டில் விலங்கு சாகக் கண்டவர்கள், நோய் காட்டில்தான் குடியிருக்கிறது என்றும், அங்கிருந்தே ஊருக்கு இறங்குகிறது என்றும் எண்ணுவது இயல்பு. அவ்வெண்ணம் தென்னாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆப்பிரிக்காவிலும் காட்டு விலங்குகளே நோயின் கருவூலம் என்று பலர் நம்பினர்.

அந்நம்பிக்கையை உடைத்தது தான்சானியாவின் செரங்கெட்டிப் புல்வெளி. அங்கே காட்டு விலங்குக்கு யாரும் ஊசி போடவில்லை, போடவும் இயலாது. சுற்றியிருந்த ஊர் மாடுகளுக்கே 1950களிலும் 60களிலும் போட்டனர். மாடுகளில் நோய் அடங்கியதும், 1963 அளவில் காட்டிலும் அது தானே மறைந்தது. காட்டு விலங்குகள் நோயைத் தாமே நெடுங்காலம் தக்கவைக்கவில்லை. மாடுகளிடமிருந்தே மீண்டும் மீண்டும் பெற்றுக்கொண்டிருந்தன என்பது வெளிப்பட்டது.

அதன் பின் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாக இருந்த வில்டபீஸ்ட் என்னும் மான்குல விலங்கின் தொகை, 1970களின் இறுதிக்குள் பத்து இலட்சத்தைத் தாண்டிற்று. அவை புல்லை மேய்ந்து தீர்த்தமையால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்தமையால் மரக்கன்றுகள் தழைத்தன. இரை பெருகியமையால் சிங்கமும் பெருகிற்று. ஊர் மாட்டுக்குப் போட்ட ஊசியால் காட்டில் மரம் வளர்ந்தது என்று சொன்னால் கேட்போர் நகைக்கக்கூடும். ஆயினும் அதுவே நிகழ்ந்தது. ஒரு சூழலின் நலம் என்பது அதன் மரங்களையும் பெருவிலங்குகளையும் எண்ணுவதோடு முடிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத கிருமியும் அதில் ஒரு கணக்கு என்பதை உலகுக்குக் கற்பித்த பாடங்களுள் இது முதன்மையானது.

கடைசிப் புகலிடம்

இந்தியாவில் 1954 தொடங்கிக் கோடிக்கணக்கில் ஊசிகள் போடப்பட்டன. நோய் பெரிதும் குறைந்தது, அழியவில்லை. வடக்கே பல மாநிலங்கள் விடுபட்ட பின்னரும் தென்னாட்டில் அது தங்கி நின்றது. காரணம் யாது?

விடை, நம் மூன்றாவது வழியில் இருந்தது. தென்னாட்டின் மாட்டு வாணிகம் ஓயாத ஆறு போன்றது. மாட்டுத்தாவணி என்னும் சொல்லே நம் ஊர்ப் பெயர்களில் ஏறி நிற்கிறது. மதுரையின் பேருந்து நிலையம் இன்றும் அப்பெயரைச் சுமக்கிறது. மணப்பாறைச் சந்தையும் மேலப்பாளையச் சந்தையும் அறியாதார் இலர். ஒரு சந்தையில் கைமாறும் மாடு மறுவாரம் இன்னொரு சந்தையில் நிற்கும். மாநில எல்லை கடந்து செல்லும். ஊசி போட்ட மாடுகள் நூற்றுக்கு எண்பது இருந்தாலும், போடாத இருபதும் ஓரிடத்தில் வந்து கூடும் இடம் சந்தை. நச்சுயிரிக்கு அதுவே போதுமாக இருந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. தென்னாட்டில் செம்மறியும் வெள்ளாடும் மாட்டோடு கலந்து மேய்வன. ஆடுகளிலும் வெக்கை போன்ற நோய் காணப்பட்டது. அது வெக்கைதான் என்றே நெடுநாள் கருதப்பட்டது. 1987இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் ஆடுகளிடையே பரவிய நோயை ஆராய்ந்தபோது, அது வெக்கையன்று, அதன் உடன்பிறப்பு போன்ற வேறொரு நோய் என்று உறுதியாயிற்று. ஆட்டுக்கொல்லி நோய் என்று இன்று நாம் அழைப்பது அதனையே. இந்தியாவில் அந்நோய் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அங்கேதான். பின்னர் அதற்கெனத் தமிழ்நாட்டில் உருவான தடுப்பூசியின் நச்சுயிரி வகைக்கு அச்சிற்றூரின் பெயரே இடப்பட்டது. ஒரு தமிழ்ச் சிற்றூரின் பெயர் உலகக் கால்நடை மருத்துவ ஏடுகளில் நிலைபெற்ற வரலாறு இது.

அதே 1987இல் கடலுக்கு அப்பாலும் ஒரு நிகழ்ச்சி. பல பத்தாண்டுகளாக வெக்கையற்றிருந்த இலங்கையில் நோய் மீண்டும் தோன்றிற்று. இந்திய அமைதிப்படையின் உணவுக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஆடுகளோடு அது கடல் கடந்தது. மசாவாவில் நூறாண்டு முன் நிகழ்ந்தது போலவே, படையின் உணவுத் தேவை நோய்க்கு ஓடமாயிற்று. அங்கிருந்து அதனை அகற்ற 1994 வரை ஆயிற்று.

1992இல் ஐரோப்பிய நாடுகளின் உதவியோடு இந்தியாவில் புதிய திட்டம் வகுக்கப்பட்டது. எல்லா மாட்டுக்கும் ஓயாமல் ஊசி என்பதோடு நில்லாமல், நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஊர் ஊராகத் தேடுவதும், கண்ட இடத்தில் முழுமையாக அடக்குவதும், பின்னர் ஊசியையே நிறுத்திவிட்டு விழித்திருந்து பார்ப்பதும் அதன் நெறி. ஊசியை நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். ஊசி போட்ட மந்தையில் நோயின் சுவடும் மறைந்துவிடும் ஆதலால், நிறுத்தினால்தான் உண்மை தெரியும்.

இந்தத் தேடலில் மாட்டுக்காரனின் சொல்லே கருவியாயிற்று. ஆப்பிரிக்காவின் ஆயர் குடிகளிடையே சென்ற மருத்துவர்கள், அவர்கள் தம் மொழியில் ஒவ்வொரு நோய்க்கும் வைத்திருந்த பெயர்களையும் குறிகளையும் கேட்டறிந்தே கடைசி மறைவிடங்களைக் கண்டனர். நம்மிடமும் அத்தகைய சொற்களுக்குக் குறைவில்லை. வாயிலும் குளம்பிலும் புண் கண்டால் கோமாரி. தொண்டை வீங்கி மூச்சடைத்தால் தொண்டை அடைப்பான். சப்பை வீங்கினால் சப்பை நோய். கழிச்சலும் வாய்ப்புண்ணுமாகக் கூட்டமாய்ச் சாய்ந்தால் வெக்கை. ஆய்வகம் தோன்றும் முன்னரே நோய்களை வகைபிரித்து வைத்த அறிவு இது.

இந்தியாவின் கடைசி வெக்கை 1995இல் பதிவாயிற்று. பதிவான மாநிலம் தமிழ்நாடு. 2006இல் நாடு முழுமையும் விடுபட்டதாக உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றது. உலகின் கடைசி நோயாளி 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் காணப்பட்ட ஒரு காட்டெருமை. 2011இல் வெக்கை உலகிலிருந்தே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

இன்றைய வழக்கு

இக்கதை முடிந்துபோன கதையாயின் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. வெக்கை சென்ற வழிகள் இன்றும் திறந்தே கிடக்கின்றன. 2016–17இல் மங்கோலியாவில் ஆட்டுக்கொல்லி நோய் ஊர் ஆடுகளிடமிருந்து சைகா மான்களுக்குத் தாவி, அங்கிருந்த மிகப் பெரும் பகுதியை அழித்தது. 2019இல் இந்தியாவுக்குள் நுழைந்த தோல் கழலை நோய் மூன்றே ஆண்டுகளில் நாடெங்கும் பரவி இலட்சக்கணக்கான மாடுகளைத் தாக்கிற்று. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால் புளியரைச் சோதனைச் சாவடியில் ஊர்திகளுக்கு மருந்து தெளிக்கப்படுகிறது. எல்லை கட்டுதல் இன்றும் தொடர்கிறது; கட்டுவோரின் உடைதான் மாறியிருக்கிறது.

மலையடிவார ஊர்களுக்கு வேறொரு வழக்கும் உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது; அதே மாதத்தில் அத்தடையைப் புலிகள் காப்பகங்கள், சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள் என்ற அளவுக்குச் சுருக்கிற்று. கடையநல்லூர், குற்றாலம் பகுதிக் காடுகள் 2015இல் நெல்லை வனஉயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. தலைமுறைகளாக மலைமாடு மேய்த்தோர் இத்தடையால் தவிக்கின்றனர். வளர்ப்பு விலங்கிடமிருந்து காட்டுக்கு நோய் பரவும் என்பது தடையை ஆதரிப்போர் சொல்லும் காரணங்களுள் ஒன்று.

அவ்வச்சம் பொய்யன்று, 1968இன் காட்டெருதுகள் அதற்குச் சான்று. ஆனால் வெக்கையின் வரலாறு முழுவதையும் படிப்போர் அத்தோடு நிற்க மாட்டார். காட்டெருதைக் காத்தது மாட்டை விரட்டியதன்று. மாட்டுக்கு ஊசி போட்டதே. காட்டோரத்து ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு மாடும் ஓர் ஆடும் விடுபடாமல் தடுப்பூசி சென்று சேர்தலும், சந்தையில் நோயுற்ற விலங்கு நுழையாமல் காத்தலும், 'என் மாடு சாய்ந்துவிட்டது' என்று மேய்ப்பவன் அஞ்சாமல் வந்து சொல்லும் நிலையும் காட்டுக்கு உண்மையான வேலி. தடைக்கு அஞ்சி மறைந்து மேய்ப்பவன் நோயையும் மறைப்பான். நோய்க்கு அதைவிட உவப்பான நிலை வேறில்லை.

மேய்ச்சலால் காட்டுக்கு வேறு கேடுகள் இருக்கலாம். அவை தனியே எடைபோடத் தக்கவை. நோய் என்னும் ஒரு காரணத்தை முன்வைக்கும்போது மட்டுமேனும், அந்நோயை வென்றவர்கள் எவ்வாறு வென்றனர் என்பதையும் சேர்த்தே நினைவுகூர்தல் நேர்மை.

வெக்கை ஒழிந்தது, அதனோடு அச்சொல்லின் மாட்டுப் பொருளும் மங்கி வருகிறது. நோய் போனதில் மகிழ்ச்சியே. ஆனால் கோமாரியும் அடைப்பானும் இன்னும் நம்மோடு உள்ளன. அவற்றின் ஊர்ப்பெயர்களும் குறிகளும் முதியோர் நினைவில் மட்டும் எஞ்சுகின்றன. வாசக அன்பர்கள் தத்தம் ஊர்களில் வழங்கும் கால்நடை நோய்ப் பெயர்களையும் அவற்றுக்குச் சொல்லப்படும் அடையாளங்களையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பாராயின், அது மொழிக்குச் செய்யும் தொண்டாகவும், அடுத்து வரவிருக்கும் நோயை விரைந்து இனங்காண ஒரு துணையாகவும் அமையும்.